எல்லைமண் தந்த இசை



இவ்வாண்டு விழாவைத் திரையிசைப் பழம்பாடல்களால் நிறைவு செய்கின்றோம். அவற்றுள் பலவற்றிற்கு இசையமைத்த எம். எஸ். விசுவநாதன் 1928இல் பிறந்தது, நம் முதலமடைக்கு அயலதாகிய பாலக்காட்டு எலப்புள்ளியில் அன்றோ! சற்றுமுன் நாம் எழுந்து நின்று பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தின் மெட்டும் அவர் தந்ததே. அதன் சொல்லைத் தந்த சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர். சொல்லும் இசையும் இக்கேரள மண்ணின் கொடை!

ஆயின், மலையாளப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகள் அப்பாடலைச் செவிவழி அறிவர். ஏட்டில் கண்டால் எத்தனை பேர் படிப்பர்? மலையாளமும் கற்கட்டும், அது நாம் வாழும் மண்ணின் மொழி. வீட்டிலோ, நாளும் ஒரு பாட்டைத் தமிழெழுத்தில் எழுதச் செய்வோம். பாடத் தெரிந்த நாவுக்குப் படித்தல் அரிதன்று. அடுத்த விழாவில் அவர்கள் ஏடு பார்த்துப் பாடட்டும்!