எழுதும் இடமும் எழுதுவோரும்
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மன்றத்திற்கென ஓர் அறை எழுப்பப்போவதாகச் செயலாளர் அறிவித்தார், மகிழ்ந்தேன். வரைபடமும் முடிந்துவிட்டது என்றார். அங்கேதான் சற்று அஞ்சினேன்.

முன்பு நான் பணியாற்றிய கல்லூரியில் தமிழ்த்துறைக்குப் புதிய அரங்கு கட்டினார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேடையை நோக்கிய இருக்கைகள் தரையோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் கவிதையை எங்ஙனம் விவாதிப்பது? நானும் மாணவியரும் பழைய வேப்பமரத்தடிக்கே திரும்பினோம்.

பயன்கொள்வோரே அமைத்துக்கொண்ட இடம் ஒன்று தமிழகத்திலேயே உண்டு. சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் 1966இல் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சொல்கிறேன். ஓவியம் மட்டும் விற்று வாழ்வது அரிதாயிருந்த காலம். ஓவியக் கல்லூரி முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணாக்கரும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கினர். வீடுகள், பணிக்கூடங்கள், காட்சிக்கூடம், அரங்கு, சமையற்கூடம் அனைத்தையும் தாமே அமைத்துக்கொண்டனர். ஓவியர்க்குச் சமையற்கூடம் எதற்கு என்று வெளியாள் கேட்டிருப்பார். பொழுதெல்லாம் வண்ணத்தோடு நின்று பசித்தவர்க்கு அந்த ஐயம் எழாது!

நம் அறைக்கும் நம்மைக் கேட்க வேண்டாமா? படியேற இயலாத முதிய கவிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வரைபடமோ அறையை மாடியில் காட்டுகிறது. கைக்குழந்தையோடு வரும் தோழியர் பாதியில் எழுந்துபோகிறார்கள். தொட்டில் கட்ட ஒரு வளையம் போதும். வரைபடத்தை அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவருமாறு செயலாளரை வேண்டுகிறேன். பென்சிலும் அழிப்பானும் நான் கொண்டுவருகிறேன்.