கண்ணாடியைத் தாண்டும் வெயில்

தோல் சுருங்கினால் வயதைத்தான் குறை சொல்கிறோம். 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரு படம் வேறு கதை சொல்கிறது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகம் அது. வண்டி ஜன்னலை ஒட்டியிருந்த இடக் கன்னம் மட்டும் தடித்து, ஆழமாக வரி விழுந்து தொங்குகிறது. வலக் கன்னம் அவ்வளவு மோசமில்லை. இரண்டு கன்னத்துக்கும் வயது ஒன்றுதானே! வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் கண்ணாடியையும் கடந்து வந்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நாரைச் சிதைத்துவிடுகிறது.

ஒருவர் முகத்தை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் 900-க்கும் மேற்பட்டோரை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் தோல் முதுமை, விருப்பம்போல் பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாக இருந்தது. கறுத்த தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். மெலனின் காக்கும்தான், ஆனால் முழுசாக இல்லை; நமக்குச் சுருக்கம் பிந்தி வரும், மங்கு முந்திக்கொள்ளும். சிகரெட் புகையும் அதே கொலாஜன் நாரைத்தான் அரிக்கிறது. ஆகவே விலை உயர்ந்த க்ரீமைத் தேடும் முன் சிகரெட்டை விடுங்கள். உச்சி வெயிலில் கிளம்பினால் கூச்சப்படாமல் குடையை விரியுங்கள்.