பாலக்கோட்டு பிரின்டர் கேள்வி

இன்னைக்கு ஒரு பிரின்டர் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர்னு எங்க மாவட்டத்துல கோடு எழுதுற ஒரு எழுபது பேர் சேர்ந்து டெலிகிராம்ல ஒரு குழு வெச்சிருக்கோம். பாதிப் பேருக்கு பெங்களூருல வேலை, வார இறுதியில ஊருக்கு வர்றவங்க. மீதிப் பேர் காலேஜ்ல படிக்கிறாங்க, இல்லன்னா ஊர்லயே கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறாங்க. அந்தக் குழுவைப் பார்த்துக்கிற மூணு பேர்ல நானும் ஒருத்தன். எது உள்ளே இருக்கலாம், எதைத் தூக்கணும்னு முடிவு பண்றதுதான் வேலை. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

போன வருஷம் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, பாலக்கோட்டுல ஒரு தக்காளி மண்டிக்கு பில் போடுற சாஃப்ட்வேர் பண்ணியிருக்கேன். தெர்மல் பிரின்டர்ல விவசாயி பேரு தமிழ்ல வர மாட்டேங்குது, கேள்விக்குறியா வருது."

ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு, கோடு துண்டோட. பிரின்டருக்கு இந்த எண்ணுள்ள கோட் பேஜை அனுப்புங்க, தமிழ் வந்துடும்னு. பார்க்க அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. பத்து பேர் லைக் போட்டாங்க. நானும்தான்.

தம்பி அதை நம்பி நேரா மண்டிக்கே போய், காலையில சரக்கு வந்து இறங்குற நேரத்துல மாத்திட்டான். தமிழும் வரல, முன்னாடி வந்துட்டிருந்த இங்கிலீஷ் எழுத்தும் கெட்டுப் போச்சு. கிரேட்டோட வரிசையில நின்ன ஆளுங்களுக்குக் கையால பில் எழுத வேண்டியதாயிடுச்சு. மண்டிக்காரர் பேசின காசுல பாதியைத்தான் கொடுத்தார்.

பதில் போட்டவர் தெர்மல் பிரின்டரைத் தொட்டதே இல்லை. கேள்வியை சாட்ஜிபிடியில போட்டு, வந்ததை இங்க ஒட்டியிருக்கார்.

விஷயம் என்னன்னா, நம்ம ஊர்க் கடைகள்ல இருக்கிற விலை குறைந்த தெர்மல் பிரின்டர்கள்ல பெரும்பாலும் தமிழ் எழுத்துருவே இருக்காது. எந்த எண்ணை அனுப்பினாலும் இல்லாத எழுத்து எங்கிருந்து வரும்? வரியைக் கம்ப்யூட்டர்லயே ஒரு படமா வரைஞ்சு, அந்தப் படத்தைப் புள்ளிகளா பிரின்டருக்கு அனுப்பணும். அதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. பைத்தான்ல பில்லோ லைப்ரரி வெச்சு வரைஞ்சா, கூடவே ராக்ம் இல்லன்னா, 'கெ'னு எழுதினதுல கொம்பு 'க'வுக்குப் பின்னாடி போய் விழும். தமிழ் எழுத்தைக் கோத்துக் கொடுக்க தனியா ஒரு ஆள் வேணும், ராக்ம் அந்த ஆள். பைத்தான்ல 'தமிழ்'ங்கிற சொல்லோட நீளம் கேட்டா 3னு சொல்லாது, 5னு சொல்லும். அதே குடும்பத்துப் பிரச்சினைதான் இதுவும்.

அன்னைக்கு ராத்திரி நாங்க மூணு பேரும் போன்ல சண்டை போட்டோம். ஒருத்தர், "இனிமே ஏஐ பதிலே கூடாது"ன்னார். இன்னொருத்தர், "இந்தக் கேள்வியே இங்க வந்திருக்கக் கூடாது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோல கேட்கச் சொல்லியிருக்கணும்"னார்.

ரெண்டாவது ஆள் சொன்னதை முதல்ல எடுத்துக்கறேன். 2008-ல ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்பால்ஸ்கியும் ஆரம்பிச்ச ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அவ்வளவு பயனுள்ளதா இருந்ததுக்கு ஒரு காரணம், எதை ஏத்துக்க மாட்டோம்ங்கிறதுல அவங்க காட்டின பிடிவாதம். கருத்துக் கேட்டா மூடு, அரட்டைன்னா மூடு. அதுல நான் அவங்க பக்கம். ஆனா 2013 வரைக்கும் கேள்வியை மூட ஒரு காரணம் வெச்சிருந்தாங்க: சின்ன நிலப்பரப்புக்கு மட்டும் பொருந்துற கேள்வி, உலகத்துக்குப் பயன்படாதுன்னு. பாலக்கோடு மண்டி சின்ன நிலப்பரப்பு இல்லாம வேற என்ன? அந்தக் காரணத்தை அப்புறம் எடுத்துட்டாங்க. இருந்தாலும் அங்க இங்கிலீஷ்லதான் கேட்கணும். போர்ச்சுகீசு, ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளுக்குத் தனித் தளம் இருக்கு. இந்திய மொழி ஒண்ணுக்குக்கூட இல்லை. தமிழ் பிரின்ட் பிரச்சினையைத் தமிழ்ல கேட்கிற பையனை நாங்களும் வெளியே அனுப்பிட்டா, நாங்க எதுக்கு இருக்கோம்? அதனால கேள்வி எங்களுடையதுதான். அதுல இப்ப எனக்குச் சந்தேகம் இல்லை.

பதில்தான் சிக்கல். 2022 நவம்பர் 30 அன்னைக்கு சாட்ஜிபிடி வந்துச்சு. ஒரு வாரம் முடியறதுக்குள்ள ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அதை வெச்சு எழுதின பதில்களுக்குத் தடை போட்டாங்க. தப்பான பதில் அதிகம், ஆனா பார்க்க சரியா தெரியுது, எழுத ஒரு நொடி போதும். சரிபார்க்கிற ஆளுக்குத்தான் அரை மணி நேரம். 2023 ஜூன்ல, வெறும் சந்தேகத்துல பதிலை நீக்காதீங்கன்னு நிறுவனம் சொல்லப்போய், மாடரேட்டர்கள் வேலைநிறுத்தமே பண்ணாங்க. காசு வாங்காத ஆளுங்க பண்ற ஸ்ட்ரைக்னு சிரிச்சேன் அப்ப. இப்ப சிரிப்பு வரல.

இது நமக்குப் புதுசும் இல்லை. தமிழ் விக்கிபீடியா 2003-ல ஆரம்பிச்சது. 2009-ல கூகுள், டிரான்ஸ்லேட்டர் டூல்கிட்னு ஒரு கருவியைக் கொடுத்து, கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வெச்சு, இங்கிலீஷ் கட்டுரைகளைத் தமிழ் உட்பட சில இந்திய மொழிகள்ல ஏத்த ஆரம்பிச்சாங்க. கட்டுரைகள் நீளமா இருந்துச்சு. ஆனா அமெரிக்கப் பாப் பாடகர்கள், ஹாலிவுட் படம்னு தலைப்புகள். வாக்கியம் இங்கிலீஷ் நடையில. பிழையைச் சொன்னா ஏத்தினவங்க திரும்பி வந்து பேச மாட்டாங்க. வங்காள விக்கிபீடியாவுல தடுத்தே நிறுத்திட்டாங்க. தமிழ் விக்கிபீடியர்கள் பேச்சுவார்த்தைக்குப் போனாங்க. தரத்தையும் தலைப்பையும் நாங்களும் பார்த்துச் சொல்வோம்னாங்க. 2010-ல போலந்துல கதான்ஸ்க் நகரத்துல நடந்த விக்கிமேனியாவுல ரவிசங்கர் இந்த அனுபவத்தை அலசி ஒரு உரையே கொடுத்தார். அதைப் படிச்சப்ப எனக்கு உறைச்சது கருவி இல்லை. ஒட்டிட்டுப் போனவங்க பதில் சொல்லத் திரும்பி வரலைங்கிறதுதான்.

அதனால நாங்க ஒரு விதி போட்டோம். பதில் போட்டா, எதுல ஓட்டிப் பார்த்தீங்கன்னு ஒரு வரி எழுதணும். எந்த பிரின்டர், எந்த ஓஎஸ், என்ன வந்துச்சு. ஓட்டிப் பார்க்கலைன்னா அதையும் சொல்லிடணும். வேலை விளம்பரம், மீம் எல்லாம் ஒரே நாள்ல முடிவாயிடுச்சு, அதைச் சொல்லி உங்க நேரத்தை எடுக்கல.

விதி நல்லாத்தான் இருந்துச்சு. நான் கெடுத்தேன்.

அரூர்ப் பக்கம் இருந்து ஒரு பொண்ணு, காலேஜ் கடைசி வருஷம், பழைய பாமினி எழுத்துருவுல இருக்கிற ஃபைலை யூனிகோடுக்கு மாத்துறதைப் பத்தி நீளமா ஒரு பதில் போட்டுச்சு. நம்பர் போட்ட பட்டியல், அலங்கார இங்கிலீஷ். பார்த்ததும் ஏஐ-னு முடிவு கட்டி நீக்கிட்டேன். 'ஓட்டிப் பார்த்தது'ங்கிற வரி கடைசியில இருந்துச்சு. நான் அவ்வளவு தூரம் படிக்கவே இல்லை. அப்புறம் தனியா மெசேஜ் வந்துச்சு: "அண்ணா, மாத்திப் பார்த்தது நான்தான். எனக்கு இங்கிலீஷ் சரியா வராது, அதனால எழுத மட்டும் சாட்ஜிபிடி." கூடவே அவங்க மாத்தின ஃபைல். திறந்து பார்த்தேன், எல்லா எழுத்தும் சரி.

குழுவுலயே மன்னிப்புக் கேட்டு, பதிலைத் திரும்பப் போட்டேன். அதுக்குள்ள அவங்க வெளியே போயிட்டாங்க. தமிழ்லயே எழுதலாம், தங்கிலீஷும் ஓகேன்னு விதியில இப்ப முதல் வரியாச் சேர்த்திருக்கோம். நீக்கறதுக்கு முன்னாடி எழுதினவர்கிட்ட ஒரு கேள்வி கேட்கணும்னு எங்க மூணு பேருக்கும் தனியா ஒரு விதி.

பாலக்கோட்டுத் தம்பிக்கு இப்ப பில் தமிழ்ல வருது. படமா அனுப்புறதால ஒரு பில்லுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகுதாம், மண்டிக்காரர் அதுக்கும் முணுமுணுக்கிறார். வேகமா அனுப்ப வழி தெரிஞ்சவங்க எழுதுங்க. எந்த பிரின்டர்ல ஓட்டினீங்கன்னும் சேர்த்து.