கல்லை விதைச்சா முளைக்குமா?

நடுவர் அவர்களே! கனிவளம் அரசு கையில்தான் இருக்கணும் என்பது எங்கள் அணி. எதிரணித் தம்பி என்ன கேட்டார்? "பணம் போட நான் தயார், மெஷின் வாங்க நான் தயார், குத்தகை மட்டும் ஏன் தரமாட்டேங்கிறீங்க?"ன்னார். நீங்களும் கைதட்டினீங்க!

1977-லே தமிழ்நாட்டிலே நடந்ததைச் சொல்றேன். கறுப்புக் கிரானைட் வெட்டத் தனியாருக்கு இனிக் குத்தகை கிடையாது. அரசே வெட்டும், இல்லாவிட்டால் முழுக்க அரசுக்குச் சொந்தமான நிறுவனம் வெட்டும் என்று 8-சி விதி வந்தது. விடுவாங்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டார்கள். ஆனால் 1981-இல் உச்ச நீதிமன்றம், விதி செல்லும் என்றது. இயற்கைச் செல்வத்தை ஒரே தலைமுறை தீர்த்துவிடக் கூடாது என்று அந்தத் தீர்ப்பில் எழுதினார் நீதிபதி சின்னப்ப ரெட்டி.

தென்னையை வெட்டினா பக்கத்திலே ஒரு கன்று வைக்கலாம். கிரானைட்டை வெட்டிட்டு ஜல்லியை விதைச்சா முளைக்குமா, தம்பி? (சிரிப்பு, கைதட்டல்)

அரசு நிறுவனம் மட்டும் யோக்கியமான்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். அங்கே தப்பு நடந்தா சட்டசபையிலே கேட்கலாம், தணிக்கையிலே பிடிக்கலாம். உங்க கணக்கு நோட்டை எங்களுக்கு யார் காட்டுவா? அதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் குத்தகை கேளுங்க, தம்பி!