இரட்டைப் பிள்ளைகளும் ஆய் போகும் பழக்கமும்

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைப் பாதங்களின் மேல் அமர்த்தி ஆய் போகப் பழக்குவார்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் தாத்தாவும் கைகொடுக்க வேண்டும்.

இருவரும் ஒன்றாகவே பழகிவிட வேண்டியதில்லை. அடக்கும் திறன் பெரும்பாலும் 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வரும். அக்கா சொல்லிவிட்டுப் போகிறாளே என்று தம்பியை அதட்டாதீர்கள். பயந்த பிள்ளை மலத்தை அடக்கும்; அது இறுகி வலிக்கும்; வலித்தால் இன்னும் அடக்கும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். ஆகவே காலையில் களியோ இட்லியோ உண்டபின், பாதம் தரையில் படும்படி சற்று நேரம் உட்கார வையுங்கள். குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமி உண்டு. சாக்கடையில் வீசாமல் கழிப்பறையில் கொட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.