தீர்ப்பு கிடைத்த பிறகு

பட்டம் பெறும் இளைஞர்களே, உங்களில் சிலர் தொண்டு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் வேலைக்குப் போவீர்கள். அங்கே 'கொள்கை மாற்றம்' என்ற பேச்சு நாள்தோறும் காதில் விழும். அரசின் கொள்கையை மாற்ற நினைக்கும் அமைப்பு எங்கே வெல்கிறது, எங்கே கோட்டை விடுகிறது என்பதை அறிய நாம் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. பட்டினச்சேரி மீனவக் கிராமம் முதல் நாகை வரையிலான இந்தக் கரையே போதும். சட்டமோ தீர்ப்போ கிடைக்கும்வரை காட்டும் வேகம், கிடைத்த பிறகு வரும் விதிகளின் மீதும் வரைபடங்களின் மீதும் இருப்பதில்லை. கோட்டை விடுவது அங்கேதான் என்பது என் வாதம்.

1990-களின் தொடக்கத்தில் காவிரி டெல்டாக் கடலோர வயல்கள் இறால் பண்ணைகளாக மாறின. பண்ணைக் குட்டைகளின் உப்புநீர் குடிநீர்க் கிணறுகளில் இறங்கியது. பக்கத்து வயலில் பயிர் கருகியது. மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதையைப் பண்ணைகள் மறித்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உண்ணாவிரதமும் சத்தியாகிரகமும் நடத்தினார்; 1994-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய மனுவுக்குப் பலம் சேர்த்தது நாக்பூர் 'நீரி' ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை. பண்ணைகள் ஈட்டும் வருவாயைவிட அவற்றால் விளையும் சேதம் அதிகம் என்று அது கணக்குப் போட்டுக் காட்டியது. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழி அல்லாத பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க ஆணையிட்டது. வேலை இழக்கும் தொழிலாளர்களுக்கு ஆறு ஆண்டுக் கூலியை இழப்பீடாகத் தரவும் சொன்னது. இதைவிடத் தெளிவான வெற்றி ஒரு மக்கள் இயக்கத்துக்கு வாய்ப்பது அரிது. ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றியது. அந்த மண்டலத்தை வரையறுத்த 1991-ஆம் ஆண்டு அறிவிக்கையின் தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என்று, அந்த அறிவிக்கையையே முன்தேதியிட்டுத் திருத்தியது. தீர்ப்பு நின்ற தரையே பறிபோயிற்று. ஜெகந்நாதன் முதுமையிலும் ஓயவில்லை. இருந்தும் ஒரு மசோதாவின் உட்பிரிவுகளை வரிவரியாகப் படித்து, மறுப்பெழுதி, உறுப்பினர்களைச் சந்திக்கும் வேலைக்கு, பணமுள்ள தொழிலுக்குக் கிடைத்த ஆள்பலம் கூலித் தொழிலாளர் பக்கம் இல்லை.

2008-இல் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளுக்குப் பதிலாக 'கடற்கரை மேலாண்மை மண்டலம்' என்ற வரைவை மத்திய அரசு கொண்டுவந்தது. தேசிய மீன் தொழிலாளர் பேரவை குஜராத்திலிருந்து கொல்கத்தா வரை கரையோரமாகப் பிரசாரப் பயணம் நடத்தியது. கூடவே வரைவுக்கு மறுப்புகள் எழுத்தாகப் போயின. 2009-இல் எம்.எஸ். சுவாமிநாதன் குழு அந்த வரைவைக் காலாவதியாக விடலாம் என்று பரிந்துரைத்தது. 2011 ஜனவரியில் புதிய அறிவிக்கை வந்தது. தெருவில் கூட்டமும் மேசையில் தாளும் ஒன்றாக நின்றதால் கிடைத்த பலன் இது.

தொண்டு அமைப்புக்கு அரசியல் எதற்கு, நிவாரணம் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரைக்கு வீடும் படகும் ஏராளமாக வந்தன. ஆனால் அந்த வீடு அலைவாயிலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கலாம், விட்டுவந்த பழைய மனை யாருக்குச் சொந்தம் என்பவற்றைத் தீர்மானித்தவை அரசாணைகள். அந்த ஆணைகள் எழுதப்படும் இடத்தில் பேசாதவர் கொடுத்த வீடும் பாதி உதவிதான். சட்டமும் இதைத் தடுக்கவில்லை. கட்சி அரசியல் நோக்கமின்றிப் பொதுக் காரியத்துக்காகப் பந்த், மறியல் போன்ற வழிகளை ஆதரிக்கும் அமைப்பை அரசியல் அமைப்பென்று முத்திரை குத்தி வெளிநாட்டு நிதியைத் தடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

'உங்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?' என்ற கேள்வி இதைவிடக் கனமானது. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே மக்களுக்குப் பதிலாகப் பேசும் உரிமை நமக்கு இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் பேசட்டும், அவர்கள் கையில் கணக்கும் ஆவணமும் இருக்கும்படி நாம் பார்த்துக்கொள்வோம் என்பதே நேர்மையான நிலை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மீன் விற்கும் பெண்களுக்கு அந்தப் பஞ்சாயத்தில் பெரும்பாலும் இடமில்லை. அவர்களிடம் தனியே கேட்காமல் எழுதிய மனுவை ஊரின் மனு என்று சொல்லக் கூடாது.

அறக்கட்டளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஓராண்டுத் திட்டத்துக்குப் பணம் கொடுத்து, ஆண்டு முடிவில் 'என்ன மாற்றம் வந்தது' என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன இறால் பண்ணைக் கதை மனு முதல் சட்டம் வரை பதினோரு ஆண்டு ஓடியது. வெளிநாட்டு நிதியைப் பெறும் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தருவதை வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. சிறு ஊர் அமைப்புகளுக்கு வந்த ஒரு வழி அடைபட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் உள்நாட்டுக் கொடையாளர்கள்தாம்.

இளைஞர்களே, கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்துக்கென வரைபடங்கள் தயாரிக்கப்படுவதுண்டு. வரைவுகளின் மீது மக்களிடம் கருத்தும் கேட்கப்படும். படகு ஏற்றி வைக்கும் மணல்மேடு, கருவாடு காயும் களம், வலை சீர்செய்யும் நிழல், நாளைய வீடுகளுக்கான மனை ஆகியவை அதில் குறிக்கப்படாவிட்டால், அங்கே வேறொருவர் கட்டடம் கேட்டு வரும்போது ஊரிடம் காட்ட ஆவணம் இருக்காது. புல எண்ணோடு அவற்றைக் குறித்துக்கொடுக்க, படித்த பிள்ளைகள் தேவை. பஞ்சாயத்தாரோடும் மீன் விற்கும் பெண்களோடும் உட்கார்ந்து பட்டினச்சேரியின் வரைபடத்தை நீங்களே சரிபாருங்கள். தவறு இருந்தால் எழுத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.