அடாப்டர் மாற்றுவதும் மாற்றாததும்

புணே மாவட்டத்து ரஞ்சன்காவ் அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்று. தொழிற்சாலைகள் நிறைந்த பேட்டையும் ஆகும். இத்தகைய ஊர்களுக்குப் பிழைப்பு நாடி வந்த நம்மவருள் சிலர், பணியின் நிமித்தம் கடல் கடந்தும் செல்ல நேர்கிறது. அப்பொழுது பெட்டியில் பிளக் அடாப்டரும் இடம் பெறுகிறது. அதனைத் தேர்வதில் நாம் கருத வேண்டுவன மூன்று.

முதலாவது, வடிவம். நம் நாட்டுப் பிளக்கில் உருண்டைப் பின்கள் மூன்று. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து ஆகியவற்றில் மூன்றும் தட்டையானவை. ஜெர்மனியிலும் கொரியாவிலும் உருண்டையான இரண்டு. ஜப்பானில் தட்டையான இரண்டு.

இரண்டாவது, மின்னழுத்தம். இதனையே பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அடாப்டர் வடிவத்தை மாற்றுமேயன்றி அழுத்தத்தை மாற்றாது. நம் வீட்டில் 230 வோல்ட், ஜப்பானிலோ 100. நம்முடைய மின்சார அரிசிக் குக்கர் அங்கே ஐந்திலொரு பங்கு வெப்பமே தரும், சோறு வேகாது. அங்கிருந்து ஆசையோடு வாங்கி வரும் குக்கரை ரஞ்சன்காவில் செருகினாலோ, ஐந்து மடங்குக்கு மேல் வெப்பமேறிக் கருகும், தீப்பற்றவும் கூடும். ஆகவே சாதனத்தின்மீது ‘100–240 வோல்ட்’ என்று பொறித்திருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களில் பெரும்பாலும் அவ்வாறு இருக்கும்.

மூன்றாவது, ‘எர்த்’ எனப்படும் நிலத்தொடர்பு. நம் பிளக்கின் தடித்த பின் உயிர் காப்பது. இஸ்திரிப் பெட்டி போன்ற உலோகச் சாதனத்தை நிலத்தொடர்பில்லாத அடாப்டரில் செருகினால் அக்காவல் அற்றுப்போகும்.

புறப்படுமுன் இம்மூன்றையும் பார்த்துக்கொள்வோமாக.